பேசாத குழுக்களும் மறக்கப்பட்ட விதவையும்

வாராந்திரத் தியானம்
வாசிக்க: அப்போஸ்தலர் 6:1-7, யோசுவா 22:10-34



இந்த வாரம் ஓர் அறிக்கையோடு தொடங்குகிறேன். இது பிறர்மேல் சாட்டும் குற்றமன்று, என் குற்றம்.

சில ஆண்டுகளுக்கு முன் துறையூர்ப் பக்கத்தில் ஒரு சபையில் ஊழியம் செய்துகொண்டிருந்தேன். அது லெந்து காலம். நம் சபைகள் ஆண்டு முழுவதிலும் மிகுந்த சுறுசுறுப்போடு இருக்கும் நாட்கள் அவை. பெண்கள் ஐக்கிய சங்கத்தார் வீடுவீடாகச் சென்று ஜெபித்தார்கள். வாலிபர் ஐக்கியத்தார் மாதந்தோறும் விதவைகளுக்கு அரிசியும் மளிகையும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். சபைக் குழு, ஏழைகளின் மருந்துச் செலவுக்கென ஒரு சிறு நிதியை நடத்திவந்தது. மூன்று குழுக்களும் உண்மையாய் உழைத்தன. மூன்றுக்கும் இடையே சண்டையும் கிடையாது.

அந்த நாட்களில்தான் எங்கள் சபையின் மூத்த விதவையான ஒரு தாயார் வீட்டு வாசலில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தார். உறவினர் ஒருவர் தம் வீட்டின் பின்கட்டில் ஓர் அறையில் அவரைக் கொண்டுபோய் வைத்தார். ஐந்து வாரங்கள் சபையிலிருந்து ஒருவரும் அவரைப் பார்க்கப் போகவில்லை. எனக்கு அதைச் சொன்னவர் நம் சபையைச் சேர்ந்தவர் அல்லர். பேருந்து நிலையத்தில் கீரை விற்கும் ஒரு பெண், "உங்க கோயிலுக்கு வர்ற பெரியம்மா படுத்த படுக்கையா இருக்காங்களே, தெரியாதா ஐயா?" என்று கேட்டார்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். அந்தத் தாயார் ஒரு வார்த்தையும் குறைகூறவில்லை. "கோயில்ல வேலை அதிகமா இருக்கும்னு நெனச்சுக்கிட்டேன் ஐயா," என்றார். குறை கூறியிருந்தால் எனக்கு எளிதாய் இருந்திருக்கும்.

திரும்பி வந்து ஒவ்வொருவரிடமும் விசாரித்தேன். வாலிபர்கள் அரிசியோடு பழைய வீட்டுக்குப் போயிருந்தார்கள். பூட்டியிருந்தது. மகனிடம் சென்னைக்குப் போயிருப்பார் என்று எண்ணித் திரும்பிவிட்டார்கள். பெண்கள் சங்கத்தாருக்கோ அவர் விழுந்ததும் இடம் மாறியதும் தெரியும். மருந்து நிதி இருக்கிறதே, சபைக் குழுவினர் கவனித்துக்கொள்வார்கள் என்று இருந்துவிட்டார்கள். மருந்து நிதியைப் பார்த்துக்கொண்ட பொருளாளர், அந்தத் தாயாரிடமிருந்து ரசீது ஏதும் வராததால் உடல் தேறிவிட்டது என்று எடுத்துக்கொண்டார். ஒவ்வொருவரும் உண்மையில் மூன்றில் ஒரு பங்கை அறிந்திருந்தார்கள். அந்த ஒரு பங்கை வைத்து மீதி இரண்டு பங்கையும் ஊகித்துக்கொண்டார்கள்.

ஆனால் அறிக்கையிட வேண்டியது இதுவன்று. வீடு பூட்டியிருந்ததை வாலிபர்கள் ஒரு ஞாயிறு மாலை என்னிடம் சொல்லியிருந்தார்கள். அவர் விழுந்ததைப் பெண்கள் சங்கச் செயலாளர் ஒரு செவ்வாய்க்கிழமை ஜெபக் குறிப்பாகச் சொல்லியிருந்தார். ரசீது வரவில்லை என்பதைப் பொருளாளர் கணக்கு காட்டும்போது சொல்லியிருந்தார். மூன்று துண்டுகளும் என் கையில் இருந்தன. மூன்று வேறு நாட்களில், மூன்று வேறு வேலைகளுக்கு நடுவில் வந்ததால் அவற்றை நான் சேர்த்துப் பார்க்கவேயில்லை.

அன்றிலிருந்து ஒரு கருத்தில் உறுதியாய் இருக்கிறேன். நம் சபைகளிலும் நிறுவனங்களிலும் குறைவுபடுவது பெரும்பாலும் அன்பு அன்று. ஒரு குழு இன்னொரு குழுவோடு நேரே பேசுவதற்கு ஒரு வழி இல்லை. எல்லா வழிகளும் ஒரே மனிதனிடம் வந்து முடிகின்றன. அந்த மனிதன் போதகராயிருந்தாலும், தலைமையாசிரியராயிருந்தாலும், மேலாளராயிருந்தாலும், ஒருநாள் தவறுவான். அவன் தவறும் நாளில் வாசலில் விழுந்து கிடப்பது ஓர் ஏழையாய் இருப்பார்.

ஆதிச்சபை என்ன செய்தது?

இதே குறை எருசலேம் சபையில் எழுந்தது என்பதைத் திருமறை மறைக்கவில்லை. அன்றாட விசாரிப்பில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் விடுபட்டார்கள். பெந்தெகொஸ்தே நாளின் நெருப்பு இன்னும் ஆறாத சபை அது. தங்கள் உடைமைகளை விற்றுப் பகிர்ந்துகொண்ட சபை. ஆவியில் குறைவில்லாத அந்தச் சபையிலேயே விதவை மறக்கப்பட்டாள் என்றால், "நாங்கள் ஒருமனமாய் இருக்கிறோம், எங்களுக்கு ஏற்பாடு எதற்கு?" என்று சொல்ல நமக்கு இடமில்லை.

அப்போஸ்தலர் மூன்று காரியங்களைச் செய்தார்கள். முதலாவது, முறுமுறுப்பை அவிசுவாசம் என்று கடிந்துகொள்ளவில்லை. அதைச் செய்தியாக ஏற்றுக்கொண்டார்கள். இரண்டாவது, சிலரைத் தனியே அழைத்துச் சமாதானப்படுத்தாமல், சீஷர் கூட்டம் முழுவதையும் வரவழைத்துப் பேசினார்கள். மூன்றாவதுதான் எனக்கு மிகுந்த வியப்பைத் தருவது. தெரிந்துகொள்ளப்பட்ட ஏழுபேரின் பெயர்களை வாசித்துப் பாருங்கள். ஸ்தேவான் முதல் அந்தியோகியா பட்டணத்து நிக்கொலா வரை அத்தனையும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன பக்கத்தாரின் கையிலேயே பந்தி விசாரிப்பின் பொறுப்பு கொடுக்கப்பட்டதாகவே தோன்றுகிறது. குறைகூறுகிறவரைக் குழுவிலிருந்து தள்ளிவைப்பது நம் வழக்கம். அவர்கள் அவரை உள்ளே அழைத்து வேலையைக் கொடுத்தார்கள்.

அப்போஸ்தலர் தங்களைத் தாங்களே எல்லாவற்றுக்கும் நடுவில் வைத்துக்கொள்ளவில்லை என்பதையும் கவனியுங்கள். எல்லாம் தங்கள் வழியாகவே நடக்கவேண்டும் என்று அவர்கள் எண்ணியிருந்தால், வசனமும் தடைபட்டிருக்கும், விதவையும் பசியோடே இருந்திருப்பாள்.

கேட்பதற்கு முன் தீர்ப்பா?

யோசுவாவின் புத்தகம் இருபத்திரண்டாம் அதிகாரம் நம் பிரசங்க மேடைகளில் அதிகம் கேட்கப்படுவதில்லை. யோர்தானுக்குக் கிழக்கே சுதந்தரம் பெற்ற ரூபன், காத் கோத்திரத்தாரும் மனாசேயின் பாதிக் கோத்திரத்தாரும் வீடு திரும்புகிற வழியில் ஆற்றங்கரையில் ஒரு பெரிய பலிபீடத்தைக் கட்டினார்கள். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. செய்தி மேற்கே எட்டியது. கர்த்தரை விட்டு விலகிவிட்டார்கள் என்று முடிவுகட்டி, மற்ற கோத்திரத்தார் சீலோவில் யுத்தத்துக்குக் கூடினார்கள்.

யுத்தம் நடக்கவில்லை. காரணம் ஒன்றே. பட்டயத்தை எடுப்பதற்கு முன் ஆசாரியனாகிய பினெகாசையும், கோத்திரத்துக்கு ஒருவராகப் பத்துப் பிரபுக்களையும் அனுப்பிக் கேட்டார்கள். கேட்டபோது வெளிவந்த மறுமொழி அவர்கள் நினைத்ததற்கு நேர்மாறானது. அது பலி செலுத்தும் பீடமே அன்று. பின்னாளில் மேற்கத்தியாரின் பிள்ளைகள் தங்கள் பிள்ளைகளை நோக்கி, கர்த்தரில் உங்களுக்குப் பங்கில்லை என்று சொல்லிவிடக்கூடாதே என்ற பயத்தினால் கட்டிய சாட்சி அது. பிரிவினைக்கு அடையாளம் என்று ஒரு பக்கத்தார் எண்ணியது, மறுபக்கத்தாருக்கு ஐக்கியத்தின் அடையாளமாய் இருந்தது.

இருதரப்பிலும் தவறு இருந்தது. ஒருவர் சொல்லாமல் கட்டினார்கள். மற்றவர் கேட்காமல் தீர்த்தார்கள். தூதுபோனவர்களும் மென்மையாய்த் தொடங்கவில்லை, குற்றச்சாட்டோடுதான் தொடங்கினார்கள். ஆயினும், கிழக்கில் உங்கள் தேசம் தீட்டானதென்று எண்ணினால் எங்கள் பக்கம் வந்து எங்கள் நடுவே சுதந்தரம் பெற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்லும் அளவுக்கு அவர்களுக்கு மனது இருந்தது. கொடுப்பதற்கு ஆயத்தமாய்ப் போகிறவனுடைய கடுஞ்சொல்லும் உரையாடலாய் மாறும்.

வாலிபர்கள் பூட்டிய கதவைக் கண்டபோது செய்யவேண்டியிருந்ததும் இதுதான். பெண்கள் சங்கத்தாரிடம் போய், "அம்மா, வீடு பூட்டியிருக்கிறதே, எங்கே போனார் தெரியுமா?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

இருபத்தெட்டு ஆண்டுகள் பேசியவர்கள்

நம் மண்ணிலேயே இதற்குப் பெரிய சாட்சி உண்டு. 1919-ஆம் ஆண்டு மே மாதம் முதல் இரண்டு நாட்கள் தரங்கம்பாடியில் 33 பேர் கூடினார்கள். ஆங்கிலிக்கன் சபையாரும், பிரெஸ்பிட்டேரியரும் காங்கிரிகேஷனல் சபையாரும் 1908-இல் இணைந்து உண்டாக்கிய தென்னிந்திய ஐக்கிய சபையாரும் அவர்கள். இருவர் தவிர மற்ற யாவரும் இந்தியர். அவர்களை நடத்தியவர் வெள்ளாளன்விளையில் பிறந்து, 1912-இல் தோர்ணக்கல் பேராயராகி, ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் என்ற சிறப்புப் பெற்ற வே. ச. அசரியா. 1910-இல் எடின்பரோ மாநாட்டில், மிஷனரிகளின் உழைப்புக்கும் தியாகத்துக்கும் நன்றி சொல்லி, அதற்கு மேலாக எங்களுக்கு நட்பைத் தாருங்கள் என்று கேட்டவர் அவரே.

தரங்கம்பாடியில் எழுந்த அந்தத் தீர்மானம் தென்னிந்தியத் திருச்சபையாக மலர்ந்தது 1947 செப்டம்பர் 27 அன்று, சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில். இடையில் 28 ஆண்டுகள். 1920-இல் கூட்டுக்குழு பேசத் தொடங்கியது. 1925-இல் மெதடிஸ்டு சபையார் சேர்ந்துகொண்டார்கள். 1929-இல் இணைப்புத் திட்டம் வெளியாயிற்று. பின்னும் அது பலமுறை திருத்தப்பட்டது. பேராயர்கள் இல்லாமல் திருச்சபை இல்லை என்று ஒரு பக்கம். எங்கள் போதகர்களுக்கு மறுபடியும் கைவைத்து அபிஷேகம் செய்வது அவர்களுடைய இதுவரையிலான ஊழியத்தை மறுதலிப்பதாகும் என்று மறுபக்கம். இரண்டும் மனச்சாட்சியின் காரியங்கள். எந்தப் பக்கமும் மற்றதை அற்பமாய் எண்ணித் தள்ளிவிடவில்லை.

முடிவில் அவர்கள் கண்ட வழி இது. ஏற்கெனவே ஊழியத்தில் இருக்கிற யாவரும் அப்படியே ஏற்றுக்கொள்ளப்படுவார்கள். இனிமேல் அபிஷேகங்கள் பேராயர்களால் நடைபெறும். சேர்ந்து வளர்வதற்கு முப்பது ஆண்டுகள் அவகாசம். அந்த நாட்களில் எந்தச் சபையின்மேலும், அதன் மனச்சாட்சி ஒப்பாத ஊழியரையோ ஆராதனை முறையையோ திணிப்பதில்லை என்ற வாக்குறுதி. இந்த வாக்குறுதியே அந்த இணைப்பின் அடித்தளம் என்பது என் எண்ணம். சிறிய பக்கத்தாருக்குப் பயம் நீங்கினால்தான் அவர்கள் மனந்திறந்து பேசுவார்கள். பேசுங்கள் என்று கட்டளையிடுகிறோம். பேசினால் கெடுதி வராது என்ற உறுதியைத் தருவதில்லை. பல நிறுவனங்களில் கூட்டங்கள் நடந்தும் உரையாடல் நடவாததன் காரணம் இதுவே.

அசரியா இந்த நாளைக் காணவில்லை. 1945 ஜனவரி முதல் தேதி அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். எல்லாரும் இணைந்ததாகவும் சொல்ல முடியாது. நந்தியால் பகுதி ஆங்கிலிக்கன் சபையார் 1947-இல் வெளியே நின்று, 1975-இல்தான் வந்து சேர்ந்தார்கள். கதவைச் சாத்தாமல் காத்திருந்ததும் உரையாடலின் பகுதியே.

நமக்கு எழும் மறுப்புகள்

இதைச் சொன்னால் சபைகளில் மூன்று மறுப்புகள் எழும் என்று அறிவேன்.

"இருக்கிற கூட்டங்களே போதாதா?" என்பது முதலாவது. நியாயமான கேள்வி. நான் கேட்பது இன்னொரு கூட்டம் அன்று. நம் கூட்டங்களில் பெரும்பாலும் ஒரு குழு தன்னோடுதானே பேசிக்கொள்கிறது. 2008-இல் உலக சுகாதார நிறுவனம் அறுவைச் சிகிச்சைக்கென 19 குறிப்புகள் கொண்ட ஒரு சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. கத்தியை வைப்பதற்கு முன் அறுவை மருத்துவர், மயக்க மருத்துவர், செவிலியர் ஆகிய யாவரும் தத்தம் பெயரையும் பொறுப்பையும் சத்தமாய்ச் சொல்லவேண்டும் என்பதும் அதில் ஒன்று. புதுதில்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் இதைச் சோதித்தபோது, மரணங்கள் நூற்றுக்கு 1.5 என்ற அளவிலிருந்து 0.8 ஆகக் குறைந்தன என்று 2009-இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்தப் பட்டியலுக்கு ஆகும் நேரம் சில நிமிடங்களே. நீளமான கூட்டத்தைவிட, சரியான வேளையில் சரியானவர்களுக்கு இடையே நடக்கும் ஒரு நிமிடப் பேச்சு மேலானது.

"ஐக்கியம் ஜெபத்தினால் வரவேண்டும், ஏற்பாடுகளால் அல்ல" என்பது இரண்டாவது. ஜெபமில்லாத ஏற்பாடு வெறும் எலும்புக்கூடு என்பது உண்மை. ஆனால் அந்தத் தாயாருக்காக நாங்கள் செவ்வாய்க்கிழமைதோறும் ஜெபித்துக்கொண்டுதான் இருந்தோம். ஜெபித்தோம், போய்ப் பார்க்கவில்லை. அதை நினைக்கும்போதெல்லாம் என் தலை தாழ்கிறது.

"எல்லாவற்றையும் சேர்த்தால் எங்கள் குழுவின் தனித்தன்மை போய்விடும்" என்பது மூன்றாவது. சேர்ந்து பேசுவது வேறு, ஒன்றாய்க் கரைந்துபோவது வேறு. திருச்சியிலேயே பாருங்கள். தென்னிந்தியத் திருச்சபையின் திருச்சி-தஞ்சாவூர் திருமண்டலத்துக்கு அங்கே தலைமையிடம். 1919-இல் உருவான தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபைக்கும் தரங்கைவாசம் அங்கேதான். இரண்டும் ஒன்றாகிவிடவில்லை. ஆனாலும் 1969-இல் மதுரை அரசரடியில் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் இரு சபைகளின் ஊழியர்களும் ஒரே வகுப்பறையில் அமர்ந்து படித்து வெளிவருகிறார்கள். தம் வீட்டைத் தாம் வைத்துக்கொண்டே ஒரே கிணற்றில் நீர் இறைக்க முடியும்.

ஏரிப்பாசனம் அறிந்த நம் ஊர்க்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மேலேரி நிரம்பிக் கலிங்கு வழிந்தால் அந்த நீர் கீழேரிக்கு வரும். மேலூரார் ஒரு சொல் சொல்லி அனுப்பினால் கீழூரார் கரையைப் பார்த்து ஆயத்தமாவார்கள். சொல்லாவிட்டால் அதே நீர் கரையை உடைக்கும். நீரில் குற்றமில்லை, சொல் வந்து சேரவில்லை.

நாங்கள் செய்தது

அந்த லெந்து காலத்துக்குப் பின் எங்கள் சபையில் சிறிய மாற்றங்களைச் செய்தோம். ஒவ்வொரு குழுவிலிருந்தும் ஒருவர் மாதம் ஒருமுறை இன்னொரு குழுவின் கூட்டத்தில் போய் அமர்வார். அவர் அங்கே ஆலோசனை சொல்லப் போகவில்லை, கேட்டு வரப் போகிறார். தொடக்கத்தில் சிலருக்கு அது வேவு பார்ப்பதுபோலத் தோன்றிற்று. இரண்டு மாதங்களில் அது மாறிற்று.

அடுத்து, ஆலய அலுவலக அறையில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்தோம். வாட்ஸ்அப் குழுக்கள் எங்களுக்கும் உண்டு, குழுவுக்கு ஒன்று. காலை வணக்கங்களுக்கும் பூக்களுக்கும் கீழே முக்கியமான செய்தி புதைந்துபோவதைக் கண்டிருக்கிறோம். ஆகையால் காகிதத்துக்கே திரும்பினோம். முதியோர், விதவைகள், நோயாளிகள் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். யார் போனார், என்றைக்கு, கண்டது என்ன என்று மூன்று குழுவினரும் அதே பக்கத்தில் எழுதவேண்டும். போதகரிடம் நம்பிச் சொல்லும் அந்தரங்கங்கள் அதில் இடம்பெறா. வீடு பூட்டியிருந்தது என்பது அந்தரங்கம் அன்று.

மூன்றாவது, எனக்கு நானே இட்டுக்கொண்ட விதி. ஒரு குழுவைப் பற்றி இன்னொரு குழுவினர் என்னிடம் பேசவந்தால், "இதை அவர்களிடம் சொன்னீர்களா?" என்று கேட்பேன். இல்லையென்றால் இருவரையும் அழைத்து உட்காரவைப்பேன்; முடிந்தால் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். எல்லாரும் என்னிடமே வருவது எனக்கு உள்ளூர இனித்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நடுவில் நிற்பவனுக்கு அது ஒரு மகிமை. அந்த மகிமையின் விலையைக் கொடுத்தவர் ஒரு விதவை.

அந்தத் தாயாரின் இடுப்பு முழுவதும் குணமாகவில்லை. அவர் மறுபடி ஆலயத்துக்கு வரவில்லை. திருவிருந்தை அவர் இருந்த இடத்துக்கே கொண்டுபோனோம். நோட்டுப் புத்தகத்தின் முதற்பக்கம் அவருடையது. அவர் கர்த்தரிடம் சேர்ந்த நாள்வரை அந்தப் பக்கத்தில் ஒரு வாரமும் வெறுமையாய் இல்லை. வாலிபர்களில் ஒருவன் எழுதிய கடைசி வரிகளில் ஒன்று: "பாட்டி இன்று கஞ்சி குடித்தார். சங்கத்து அம்மாவிடம் போர்வை கேட்டிருக்கிறேன்."

பிரியமானவர்களே, இந்த வாரம் உங்கள் சபையிலோ, பள்ளியிலோ, அலுவலகத்திலோ, நீங்கள் ஊகித்து வைத்திருக்கிற ஒரு காரியத்தை எண்ணிப் பாருங்கள். "அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்றோ, "அவர்கள் வேண்டுமென்றே செய்தார்கள்" என்றோ நீங்கள் முடிவுகட்டிய ஒன்று இருக்கும். அந்த ஒரு காரியத்துக்காக எழுந்து, மறுபக்கத்தில் இருக்கிறவரிடம் நேரே போய், ஒரு கேள்வி கேளுங்கள். பினெகாசுக்கு யோர்தானைக் கடந்து போகவேண்டியிருந்தது. உங்களுக்கு அடுத்த அறைவரை போதும்.

ஜெபம்: பரம தகப்பனே, எங்களைப் பல உறுப்புகளாகவும் ஒரே சரீரமாகவும் வைத்தவரே, நாங்கள் ஒருவரையொருவர் கேளாமல் தீர்ப்புச் செய்த நாட்களை எங்களுக்கு மன்னியும். எங்கள் மௌனத்தினால் மறக்கப்பட்டவர்களை எங்கள் கண்முன் நிறுத்தும். எல்லாவற்றுக்கும் நடுவில் நிற்க விரும்பும் பெருமையை எங்களைவிட்டு நீக்கி, இருவரைச் சேர்த்துவைத்து விலகிநிற்கும் தாழ்மையைத் தாரும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டுகிறோம். ஆமென்.